பொய்ப்பழி சுமந்தோர்

சேலம் என்றவுடன் தமிழர் நெஞ்சில் தோன்றுவது சேர்வராயன் மலையடிவாரத்து மாநகரமேயாகும். அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரையிலும் அதே பெயருடைய ஊர் ஒன்று உண்டு. 'அமைதி' எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர். அங்கே 1692ஆம் ஆண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களுக்குள் குற்றமற்ற 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் 14 பேர் பெண்கள். பொறை, வாய்மை முதலிய பத்து அறங்களை நினைந்து நோன்பிருக்கும் தசலட்சண பர்வ நாள்களில் அவ்வழக்குகளின் வரலாறு எண்ணிப் பார்க்கத்தக்கது.

வழக்குகளின் தோற்றம்

அக்காலத்தில் மாசசூசெட்ஸ் ஆங்கிலேயரின் குடியேற்றப் பகுதியாக இருந்தது. சேலம் நகரை அடுத்த சேலம் கிராமத்தில் போதகராக இருந்தவர் சாமுவேல் பாரிஸ். 1692ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய 9 வயது மகளும், அவ்வீட்டில் வளர்ந்த 11 வயது உறவுப் பெண்ணும் காரணம் விளங்காத வலிப்பும் அலறலும் உற்றனர். அது சூனியத்தின் விளைவு என்று பெரியோர் முடிவு செய்தனர். செய்தவர் யாரென்று வற்புறுத்தி வினவியபோது மூன்று பெண்களின் பெயர்கள் வெளிவந்தன. ஒருத்தி போதகர் வீட்டு அடிமை. ஒருத்தி இரந்து வாழ்ந்த ஏழை. மற்றொருத்தி நெடுநாள் தேவாலயம் செல்லாதிருந்த நோயாளி. துணையற்றவரிடம் தொடங்கிய பழி, சில மாதங்களில் 150 பேருக்கு மேற்பட்டோரைப் பற்றிக்கொண்டது.

குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஆவியுரு வந்து தம்மைக் கிள்ளியது என்றும், கழுத்தை நெரித்தது என்றும் சிறுமியர் கூறினர். அவ்வுருவம் பிறர் கண்ணுக்குப் புலப்படாது. எனினும் நீதிமன்றம் அதனைச் சான்றாக ஏற்றது. ஒருவர் அவ்வேளையில் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார் என்று மெய்ப்பித்தாலும் பயனில்லை. உடல் ஓரிடத்திலும் ஆவியுரு வேறிடத்திலும் இருக்கலாம் என்பர். மறுக்கவே இயலாத சான்று அது.

மெய் உரைத்தோர்க்குத் தண்டனை

ரெபெக்கா நர்ஸ் என்னும் மூதாட்டி 71 வயதினர். இறைப்பற்றால் நன்மதிப்புப் பெற்றவர். ஏறத்தாழ 40 அண்டை அயலார் அவருக்காக மனுவில் கையெழுத்திட்டனர். ஜூரிகளும் முதலில் அவர் குற்றமற்றவர் என்றே கூறினர். உடனே மன்றத்தில் இருந்த சிறுமியர் கூக்குரலிட்டனர். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன், மூதாட்டி கூறிய ஒரு சொல்லைச் சுட்டி ஜூரிகளை மீண்டும் ஆராயச் சொன்னார். அதுபற்றி ஜூரிகள் வினவியபோது, செவிப்புலன் குன்றியிருந்த அவர் மறுமொழி கூறவில்லை. அந்த மௌனமே அவருக்கு எமனாயிற்று. ஜூலை 19 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வழக்குகளில் பெருங்கொடுமை ஒன்று உண்டு. செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டு அதில் உறுதியாக நின்றவர் எவரும் தூக்கிலிடப்படவில்லை. குற்றமற்றவர் என்று இறுதிவரை உரைத்தோரே மாண்டனர். ரெபெக்காவின் தங்கை மேரி ஈஸ்ட்டியும் அவர்களுள் ஒருவர். தாம் இறப்பது உறுதி என்றறிந்த நிலையில், தம் உயிருக்காக மன்றாடாமல், இனியேனும் மாசற்றோர் குருதி சிந்தப்படாதிருக்க வேண்டும் என்று அவர் நீதிபதிகளுக்கு மனு எழுதினார். வாய்மையைக் காக்க உயிர் கொடுத்தோர் எந்நாட்டினராயினும் எச்சமயத்தினராயினும் போற்றத்தக்கவரே.

விசாரணைக்கு உடன்பட மறுத்த கைல்ஸ் கோரி என்னும் முதியவர் கற்பாரம் ஏற்றி நசுக்கப்பட்டு இறந்தார். சிறையிலும் சிலர் மாண்டனர். 1692 அக்டோபரில் ஆளுநர் வில்லியம் பிப்ஸ் அத்தனி நீதிமன்றத்தைக் கலைத்தார். மறு ஆண்டு கூடிய புதிய மன்றம் ஆவியுருச் சான்றை ஒதுக்கியது. எஞ்சியோருள் மிகப் பெரும்பாலோர் விடுதலை பெற்றனர். அவர்களும் சிறைச்செலவைக் கட்டிய பின்னரே வெளியேற முடிந்தது.

நீதிபதியின் நோன்பு

தீர்ப்பளித்த நீதிபதிகளுள் ஒருவர் சாமுவேல் சூவல். 1697ஆம் ஆண்டு ஜனவரி 14 பொது நோன்பு நாளாக அறிவிக்கப்பட்டிருந்தது. அன்று பாஸ்டன் நகரத் தேவாலயத்தில், சபை முழுதும் காண அவர் எழுந்து நின்றார். அவ்வழக்குகளின் பழியும் நாணமும் தம்மைச் சாரும் என்று அவர் எழுதிய மடலைப் போதகர் படித்தார். ஜூரிகள் 12 பேரும் தம் பிழையை எழுத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டினர். ஸ்டௌட்டனோ இறுதிவரை வருந்தினார் அல்லர்.

ஆராயாது அளித்த தீர்ப்பின் கொடுமையைச் சிலப்பதிகாரம் வழி அறிந்தவர் தமிழ்ச் சமணர். தன் பிழை வெளிப்பட்ட அக்கணமே பாண்டியன் உயிர்விட்டான். சூவல் தம் பிழையோடு மேலும் 33 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆண்டுதோறும் அதனை நினைந்து நோன்பிருந்தார். பிரதிக்கிரமணத்தின் பொருளை அறிந்தோர்க்கு அந்நோன்பின் அருமை எளிதில் விளங்கும்.

பழி சுமத்தியோருள் முதன்மையானவள் ஆன் பட்னம். அன்று 12 வயதினள். 1706இல் அவளும் தேவாலயத்தில் எழுந்து நின்று, ரெபெக்காவின் பெயரைச் சொல்லி மன்னிப்பு வேண்டினாள்.

பதிவேட்டில் நீடித்த பழி

ஒருவர் வருந்துவதால் மட்டும் பிறர்மேல் ஏற்றிய பழி நீங்கிவிடுவதில்லை. 1711இல் அரசு 22 பேரின் தண்டனையைத் துடைத்து, 578 பவுன் இழப்பீடு வழங்கியது. விடுபட்டோர்க்காக 1957இல் ஒரு தீர்மானம் நிறைவேறியது. 2001இல் மேலும் ஐவரின் பெயர்கள் அதில் சேர்க்கப்பட்டன. தண்டனை விதிக்கப்பட்டும் தூக்கிலிருந்து தப்பிய எலிசபெத் ஜான்சன் என்னும் பெண் அப்போதும் விடுபட்டுப் போனார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. ஆதலின் கேட்பாரும் இல்லை. எட்டாம் வகுப்பு மாணவர் சிலர் தம் ஆசிரியையின் வழிகாட்டுதலில் ஆவணங்களை ஆராய்ந்து முயன்றதன் பயனாக, 2022இல் அவர் குற்றமற்றவர் என்று சட்டம் ஏற்றது. அதற்கு 329 ஆண்டுகள் ஆயின.

நாவினால் ஒரு நொடியில் ஏற்றிய பழியை நீக்க மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன. க்ஷமாவணி நாளில் கைகூப்பி மன்னிப்பு வேண்டுகையில், தம் சொல்லால் எவர்மேலேனும் பழி படிந்துள்ளதா என எண்ணிப் பார்த்தல் வேண்டும். படிந்திருப்பின், அச்சொல்லைக் கேட்டவரிடத்தும் சென்று அதனைத் திருத்துதலே அப்பர்வத்திற்குச் செய்யும் சிறப்பாகும்.