வேட்பாளரும் அப்யர்த்தியும்: சித்தூர்த் தேர்தல் வரலாற்றில் ஒரு சொல்லாய்வு

சித்தூர் வழக்கறிஞர் மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார் 1934இல் மத்திய சட்டசபைக்கும், பின்னர் மக்களவைக்கு 1952இல் திருப்பதியிலும், 1957, 1962 ஆகிய ஆண்டுகளில் சித்தூரிலும் நின்று வென்றார். 1956இல் மக்களவைத் தலைவரானார். இந்த 28 ஆண்டுகளில் அப்பகுதி சென்னை மாகாணம், சென்னை மாநிலம், ஆந்திர மாநிலம் (1953), ஆந்திரப் பிரதேசம் (1956) என நான்கு ஆட்சிப்பெயர்களைக் கண்டது. சொத்தையும் வரியையும் சார்ந்திருந்த வாக்குரிமை வயதுவந்தோர் அனைவர்க்கும் உரியதாயிற்று.

தேர்தலில் நிற்பவரை அக்காலத் தமிழ் இதழ்கள் 'அபேட்சகர்' என்றன. இன்று 'வேட்பாளர்' என்கிறோம். வடசொல் நீங்கித் தமிழ்ச்சொல் வந்தபோதும் 'விரும்புபவர்' என்னும் பொருள் மாறவில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் 'அப்யர்த்தி' என்பதோ 'வேண்டிக்கேட்பவர்' என்னும் பொருளது. ஆகவே, சித்தூர் மக்களவைத் தொகுதிக்கு உட்பட்டதும் இம்மூன்று மொழிகளும் வழங்குவதுமான குப்பத்தில், ஒருவரே தமிழில் விரும்புபவர். பிற இரண்டில் வேண்டுபவர்.

இவ்வேறுபாடு வரலாற்றெழுத்தில் பொருட்படுத்தத்தக்கது. 1934இலும் 1952இலும் நின்றவரின் விருப்பம் ஒன்றே. அவர் வேண்டிக்கேட்க வேண்டியிருந்த மக்களோ பன்மடங்கு பெருகினர். 'அப்யர்த்தி' அம்மக்களை நினைவூட்டுகிறது. 'வேட்பாளர்' நிற்பவரை மட்டுமே காட்டுகிறது. ஒரு சொல்லுக்கு மற்றொன்றை நேர்நிகராக இடும் மொழிபெயர்ப்பாளர், வாக்களித்தவரைச் சொல்லின் பொருளிலிருந்து நீக்கிவிடுகிறார் என்பது கருதத்தக்கது.