யுவான் சுவாங் பெற்ற நண்பர்கள்

பிறந்த மண்ணை விட்டு அயலிடம் செல்வோர் முதலில் தேடுவன உணவும் உறைவிடமும் ஆகும். அவை கிடைத்தபின் நெஞ்சம் நட்பைத் தேடுகிறது. பணியின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நாம் இதனை நன்கறிவோம். நம் மொழி பேசுவோர் ஒருவரைக் கடைத்தெருவில் கண்டுவிட்டால் அரை மணி நேரம் நின்று பேசுகிறோம். பத்தாண்டுகளாக அண்டை வீட்டில் வாழ்பவரிடமோ ஒரு புன்னகையோடு நின்றுவிடுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட யானும் இதற்கு விலக்கல்லன். இக்குறையை எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர், ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் சீனத்திலிருந்து நம் நாட்டிற்கு வந்த யுவான் சுவாங் ஆவார்.

அவர் புத்த துறவி. கி.பி. 629ஆம் ஆண்டளவில், மெய்ந்நூல்களை அவை பிறந்த நாட்டிலேயே கற்கும் வேட்கையால், அரசின் அனுமதியும் பெறாமல் புறப்பட்டார். வழியில் காவோசாங் என்னும் பாலைவன நாட்டின் மன்னன் அவர்பால் பேரன்பு கொண்டு, தன்னிடமே தங்கிவிடுமாறு வற்புறுத்தினான். துறவியோ உண்ணாநோன்பு மேற்கொண்டார். மன்னன் மனம் இளகினான். இருவரும் உடன்பிறந்தார் என உறுதி பூண்டனர். வழியிலுள்ள 24 நாடுகளின் அரசர்களுக்கு மன்னன் அறிமுக ஓலைகள் கொடுத்தான். திரும்பி வருங்கால் மூன்றாண்டுகள் அங்குத் தங்குவதாகத் துறவி வாக்களித்தார்.

இந்தியாவில் அவர் நெடுங்காலம் தங்கிய இடம் நாளந்தா. அதன் தலைவராக வீற்றிருந்தவர் முதுபெருங்கிழவராகிய சீலபத்திரர். அவருக்கு அப்போது 106 வயது என்று, யுவான் சுவாங்கின் சீடர் ஹூய்லி எழுதிய வரலாறு கூறுகிறது. நாளந்தையார் விருந்தினரை எவ்வாறு பேணினர் என்பதையும் அந்நூலே சொல்கிறது. நாள்தோறும் வெற்றிலையும் 20 பாக்கும் சாதிக்காயும் கற்பூரமும் 'மகாசாலி' என்னும் உயர்ந்த அரிசியும் அவருக்கு அளித்தனராம். ஆயினும் அவரை அங்கு நிலைபெறச் செய்தது இவ்வுபசாரம் அன்று. அவர் வடமொழி இலக்கணத்தை முறையாகப் பயின்றார். ஆசிரியரின் அடியமர்ந்து மாணவராகக் கேட்டார். வந்த நாட்டின் மொழியில் அந்நாட்டாரோடு வாதிடும் அளவுக்குத் தேர்ந்தார். விருந்தினராக வந்தவர் அவர்களுள் ஒருவரானது அவ்வாறே.

இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சீலபத்திரரும் மகதத்தில் பிறந்தவர் அல்லர். அவர் கீழை வங்கத்துச் சமதடத்தைச் சேர்ந்தவர். அவருக்கு ஆசிரியராக விளங்கிய தருமபாலரோ நம் காஞ்சிபுரத்தில் பிறந்து, வடக்கே சென்று நாளந்தாவின் பேராசிரியராக உயர்ந்தவர். காஞ்சியார் ஒருவர் வங்கத்தார்க்குக் கற்பித்தார். வங்கத்தார் சீனருக்குக் கற்பித்தார். அயலார் என்று ஒருவரையொருவர் ஒதுக்கியிருப்பின் இத்தொடர்பு நிகழ்ந்திருக்குமோ?

கி.பி. 640ஆம் ஆண்டளவில் யுவான் சுவாங் காஞ்சிபுரத்திற்கே வந்தார். தம் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊர் இது என்பதைத் தம் குறிப்பில் மறவாது எழுதினார். அந்நாட்டு மக்கள் வாய்மையைப் போற்றுவோர், கல்வியை மதிப்போர் என்றும் பாராட்டினார். அங்கிருந்து இலங்கைக்குக் கடல் கடக்க எண்ணியிருந்தார். ஆனால், அரசன் இறந்தமையாலும் பஞ்சத்தாலும் இலங்கை அலைப்புற்றிருந்தது. அங்கிருந்து காஞ்சிக்கு வந்திருந்த துறவிகள் வாயிலாக அதனை அறிந்தார். அவர்களோடு சாத்திரம் பேசி, பயணத்தைக் கைவிட்டார்.

நட்பு என்பது எப்போதும் ஒத்துப் பேசுவது என்று சிலர் எண்ணுவர். 643ஆம் ஆண்டையொட்டி ஹர்ஷர் கன்னோசியில் பேரவை கூட்டினார். யுவான் சுவாங் மகாயானக் கொள்கையை அங்கு நிலைநாட்டினார். மகாபோதி விகாரத்தைச் சேர்ந்த பிரக்ஞாதேவர் ஈனயானத்தில் வல்லவர். அவரோடு நிகழ்ந்த வாதத்தில் சொற்கள் கடுமையாயின. கொள்கையில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவை கலைந்தபின் பகைமையும் கலைந்தது.

நாளந்தையார் அவரை இங்கேயே இருக்குமாறு வேண்டினர். கற்ற அறம் தம் நாட்டாரையும் சென்று சேர வேண்டும் என்று அவர் கூறியபோது, சீலபத்திரர் மகிழ்ந்து விடை கொடுத்தார். திரும்பும் வழியில் சிந்து நதியைக் கடக்கையில் படகு அலைப்புண்டு, சுவடிகள் சில நீரில் வீழ்ந்தன. அதனினும் பெரிய இழப்பொன்று இருந்தது. 640இல் சீனப் படையெடுப்பால் காவோசாங் வீழ்ந்தது. மன்னனும் அவ்வாண்டிலேயே இறந்தான். அளித்த வாக்கை ஏற்க ஆளில்லை. யுவான் சுவாங் தென்வழியே நாடு திரும்பினார். 645இல் 657 நூல்களுடன் தலைநகர் சாங்ஆனை அடைந்தார். எஞ்சிய வாழ்நாளை மொழிபெயர்ப்புக்கே ஈந்து 664இல் மறைந்தார்.

எனினும் நட்பின் கதை அங்கு முடியவில்லை. 652ஆம் ஆண்டு மகாபோதியிலிருந்து துறவி ஒருவர் சாங்ஆன் வந்தார். அவர் கையில் பிரக்ஞாதேவரின் கடிதமும் வெண்துணி இரண்டும் இருந்தன. கன்னோசியில் எதிர்நின்று வாதிட்டவரே பத்தாண்டுகளுக்குப் பின் நினைவுகூர்ந்து அனுப்பிய காணிக்கை அது! 654இல் யுவான் சுவாங் மறுமொழி விடுத்தார். அன்றைய வாதத்தின் கடுமையைக் குறிப்பிட்டு, மனத்தில் வருத்தம் எதுவும் இல்லை என்று எழுதினார். ஆயினும் கொள்கையை மறைக்காமல், மகாயானத்தை ஆய்ந்து பார்க்குமாறு மீண்டும் வேண்டினார். நாளந்தாவிலிருந்த ஞானப்பிரபருக்கும் ஒரு கடிதம் எழுதினார். சீலபத்திரர் மறைந்த செய்தி கேட்டு உற்ற துயரை அதில் வெளியிட்டார். சிந்துவில் இழந்த நூல்களின் பட்டியலை இணைத்து, இயன்றால் அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். உதவி கேட்பதற்கும் உரிமை வேண்டுமன்றோ? அவ்வுரிமையை அவர் இந்நாட்டில் ஈட்டியிருந்தார்.

யுவான் சுவாங் நடந்தது பல்லாயிரம் கல் தொலைவு. நமக்கும் அண்டை வீட்டிற்கும் இடையே உள்ளது ஒரு சுவரே. அவ்வூர் மொழியில் பிழைபடப் பேசினும் நாணாமல் பேசுவோம். அவர்தம் நூல்களையும் விழாக்களையும் கேட்டறிவோம். கருத்து மாறுபட்டால் மறைக்காது சொல்லி, மாலையில் ஒன்றாக அமர்ந்து தேநீர் அருந்துவோம். மாற்றலாகிச் சென்றபின்பும் ஆண்டுக்கு ஒரு கடிதமேனும் எழுதுவோம். காஞ்சித் தருமபாலர் சென்ற வழியில் பின்னர்ச் சென்றோர் நாம். அவர் பெற்ற நன்மதிப்பைக் காப்பது நம் கடமை.