வந்து தங்கியவர்கள்

இத்தாலிக்குப் போய்விட்டு வந்த நண்பர் ஒருவர் சென்ற வருஷம் என் வீட்டுக்கு வந்தார். வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் காசு காசாகக் கணக்குப் பார்க்கும் அவருடைய சுபாவம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ரோமாபுரியைப் பற்றி, பாழடைந்த அரண்மனைகளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று ஆவலோடு உட்கார்ந்தேன். அவரோ சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கடற்கரையோரத்து ஹோட்டல் ஒன்றில் அவர் நான்கு நாள் தங்கியதற்கான பில்!

“படித்துப் பாருங்கள்” என்றார்.

அறைக்கு வாடகை. மணலில் நட்டிருந்த குடைக்குத் தனிக் கட்டணம். குடைக்கடியில் கிடந்த சாய்வு நாற்காலிக்கு இன்னொரு கட்டணம். அந்த ஊரில் இரவு தங்கியதற்காகத் தலைக்கு இவ்வளவு என்று நகரசபை வரி. சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து ரொட்டி வைத்ததற்குக்கூட ஒரு தொகை!

“கடலுக்கு மட்டும் காசு வாங்கவில்லை போலிருக்கிறது” என்றேன்.

“யார் சொன்னது? கடலுக்குப் பக்கத்தில் முதல் வரிசைக் குடை என்றால் விலை அதிகம்!” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வாங்கிய காசுக்கு அவர்கள் குறை வைக்கவில்லை. படுக்கை அத்தனை சுத்தம். நம் பக்கத்தில் சரித்திரம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வந்தவன் தலை சாய்க்க ஓர் இடம் உண்டா?” என்று கேட்டார்.

நான் புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவன். எனக்குச் சுருக்கென்றது.

“நாளைக் காலையில் என்னோடு புறப்படுங்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய படுக்கை ஒன்றைக் காட்டுகிறேன். வாடகை கிடையாது” என்றேன்.

*

மறுநாள் சித்தன்னவாசல் குன்றின் மேல், ஏழடிப்பட்டத்துக் குகைக்குள் நின்றோம். பாறையின் விலாவில் வெட்டிய படிகளைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேருவதற்குள் நண்பருக்கு வியர்த்து விறுவிறுத்துவிட்டது. குகைத் தரையில் வரிசையாகக் கல் படுக்கைகள். நண்பர் தமது வழக்கப்படி எண்ணினார். பதினேழு! ஒவ்வொன்றிலும் தலை வைக்கும் பக்கம் கல்லையே தலையணைபோல் உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். ஊரைத் துறந்து வந்த சமண முனிவர்கள் படுத்த படுக்கைகள் அவை.

இருப்பதில் பழமையான படுக்கையின் ஓரத்தில் பிராமி எழுத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய காலத்தது என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். அதில் அரசன் பெயர் இல்லை, போர் இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த கவுடி என்பவருக்கு இளையர் செய்து கொடுத்த இருக்கை இது என்ற ஒரே ஒரு செய்திதான் இருக்கிறது. எருமி நாடு என்பது மைசூர்ப் பக்கம் என்று கருதுகிறார்கள். எவ்வளவு தூரம்! அங்கிருந்து ஒருவர் நடந்து வந்திருக்கிறார். அவர் பேச்சும் வேறாக இருந்திருக்கலாம். இந்த வட்டாரத்துக்காரர்கள் அவரை நிறுத்தி விசாரித்து அனுப்பிவிடவில்லை. உளியை எடுத்துக்கொண்டு வந்து, கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கிப் படுக்கை செய்து கொடுத்திருக்கிறார்கள்.

“பில்?” என்றேன் நான்.

நண்பர் சிரித்தார். ஆனால் தோற்பவர் அல்லவே! “இப்போது பார்ப்பதற்குத் தொல்லியல் துறைக்காரரிடம் சீட்டு வாங்கித்தானே வந்தோம்?” என்றார்.

வண்டி நார்த்தாமலையை நோக்கித் திரும்பியதும், இத்தாலிக்காரர்களுக்கும் எங்கள் சீமைக்கும் உள்ள பழைய கொடுக்கல் வாங்கலைச் சொன்னேன். 1898-இல் ஆலங்குடிப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் ஒரு புதையல் அகப்பட்டது. உள்ளே 501 ரோமானியப் பொற்காசுகள். அகஸ்டஸ் சக்கரவர்த்தி முதல், கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பேசியன் வரையில் பலருடைய முகங்கள் அவற்றில் இருந்தன. மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்குமாக இத்தாலியிலிருந்து பொன் கப்பலேறி வந்த காலம் அது. ஒரு விசித்திரம் என்னவென்றால், அந்தக் காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் மேலேயே உளியால் ஒரு வெட்டு! காசாக இனிச் செல்லாது, இது வெறும் பொன் என்பதற்காக வெட்டினார்கள் என்பது ஒரு கட்சி. உள்ளேயும் பொன்தானா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பது இன்னொரு கட்சி.

“சபாஷ்! என்னைப்போல் ஒருத்தன் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறான்!” என்று நண்பர் உற்சாகமடைந்தார்.

*

நார்த்தாமலையைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, யானைக் கூட்டம் ஒன்று படுத்துக் கிடப்பதுபோல் தோன்றும். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை என்று ஒன்பது குன்றுகள். அநுமார் சஞ்சீவி பர்வதத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது உதிர்ந்த துண்டுகள் இவை என்று ஊரார் சொல்லுவார்கள். நாரதர் தவம் செய்ததால் நாரதர்மலை என்பாரும் உண்டு. சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. இது நகரத்தார் மலை. ‘நகரம்’ என்றால் அக்காலத்தில் வணிகர்களின் சபை. ராஜராஜ சோழனுடைய விருதுப் பெயரால் தெலுங்குகுலகாலபுரம் என்று அழைக்கப்பட்ட வணிக நகரம் இந்த மலையடிவாரத்தில் இருந்தது. கடம்பர்மலையில் ராஜராஜனுடைய கல்வெட்டைப் பாறையிலேயே பொறித்திருக்கிறார்கள்.

மேலமலை ஏறினோம். வழுக்குப் பாறையில் வெய்யில் அப்போதே சுடத் தொடங்கியிருந்தது. சரிவின் மேல் திடீரென்று விஜயாலய சோழீச்சுரம் கண் முன் நின்றது. மேற்கே பார்த்த சந்நிதி. வெளியே சதுரமான சுவர், உள்ளே வட்டமான கர்ப்பக்கிருகம், தலைக்கு மேல் உருண்ட சிகரம். சுற்றிலும் பரிவாரக் கோயில்கள், தாயைச் சுற்றி உட்கார்ந்த குழந்தைகள்போல.

சோழ சாம்ராஜ்யத்துக்கு அடிகோலிய விஜயாலயனின் பெயரைத் தாங்கி நிற்கும் இக்கோயிலை அவன்தான் கட்டினானா? வாசற்புறத்துக் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. செம்பூதி என்கிற இளங்கோவதியரையன் எடுப்பித்த கற்றளி மழையில் இடிந்து சிதைந்தபோது, மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுக்கினான் என்கிறது. இவர்கள் முத்தரையர் குலத்துச் சிற்றரசர்கள் என்று கருதுகிறார்கள். கட்டியவன் ஒருவன், இடிந்ததைத் தூக்கி நிறுத்தியவன் மற்றொருவன், பெயர் பெற்றவன் மூன்றாமவன்!

கோயிலுக்கு எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். சிறியது பழியிலி ஈச்சுரம். பல்லவன் நிருபதுங்கவர்மனின் ஏழாம் ஆட்சி ஆண்டில், முத்தரையர் வம்சத்துச் சாத்தன் பழியிலி இதைக் குடைவித்தான். அவன் மகள் பழியிலி சிறியநங்கை முகமண்டபமும் நந்தியும் பலிபீடமும் சேர்த்தாள். தகப்பன் தொடங்கியதை மகள் நிறைவேற்றியிருக்கிறாள்.

பெரிய குடைவரைக்கு இரண்டு பெயர்கள். கல்வெட்டில் பதினெண்பூமி விண்ணகரம். ஊரார் வாயில் சமணர் குடகு! உள்ளே ஆளுயரத்துக்கு ஒரே அச்சில் வார்த்ததுபோல் பன்னிரண்டு விஷ்ணு மூர்த்திகள். முன்னால் அடிப்பீடத்தில் யானையும் யாளியும் வரிசையாகப் போகின்றன. இந்தக் குகை முதலில் சமணருடையதாக இருந்து, 13-ஆம் நூற்றாண்டில், மாறவர்மன் சுந்தர பாண்டியன் காலத்தில், பெருமாள் கோயிலாக மாறியதாகச் சொல்வார்கள். முன்பு குடியிருந்தவர்கள் எப்படிப் போனார்கள், மனம் கசந்து போனார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. ஆனால், போனவர்களின் பெயரை ஊரார் விட்டுவிடவில்லை. இத்தனை நூற்றாண்டு கழித்தும் பெருமாள் சமணர் வீட்டில்தான் குடியிருக்கிறார்!

பதினெண்பூமி என்பது வணிகக் குழுவின் பெயர். இங்கே விருந்தினரை வரவேற்ற இவ்வினத்து வணிகர்கள் கடல் கடந்து தாங்களும் விருந்தினராய்ப் போனவர்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற துறையில் 1088-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவரைக் குறிப்பிடுகிறது. பர்மாவில் பகானில் ‘நானாதேசி விண்ணகர்’ என்றே ஒரு கோயில் இருந்தது. அதற்கு மலைமண்டலத்தான் ஒருவன் மண்டபமும் கதவும் விளக்கும் அளித்தான். சயாமின் கடற்கரையில் தகுவாபா என்ற இடத்தில் அகப்பட்ட தமிழ்க் கல்வெட்டோ ஒரு குளத்தைப் பற்றியது. அவனிநாரணம் என்று அதற்குப் பெயர் வைத்து, மணிக்கிராமத்தார் என்ற வணிகரின் காவலில் விட்டிருக்கிறார்கள். அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் விருது. அவனுடைய மகன்தான் நாங்கள் பார்த்த பழியிலி ஈச்சுரத்துக் கல்வெட்டின் நிருபதுங்கன்.

“பார்த்தீர்களா? அந்நியக் கடற்கரையில் போய்த் தங்கிய நம்மவர்கள் குடைக்கு வாடகை கொடுத்துவிட்டு வரவில்லை, குளம் வெட்டிவிட்டு வந்தார்கள்” என்றேன் சற்றுப் பெருமையோடு.

என் பெருமைக்குப் பதில் சொல்வதுபோல் வானம் கறுத்தது. கோடை மழை சடசடவென்று அடித்தது. குடகின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம்.

எங்களுக்கு முன்பே அங்கே ஆடு மேய்க்கும் கிழவி ஒருத்தி ஒதுங்கியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“எங்கிட்டிருந்து வாறீக? வெயில்ல ஏறி வந்திருக்கீக. மோரு குடிக்கிறீகளா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தூக்குச் சட்டியின் மூடியில் நீர்மோரை ஊற்றி நீட்டினாள். அது அவளுடைய பகல் சாப்பாடு என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

குடித்து முடித்த நண்பர் பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். கிழவி கையை நீட்டவில்லை.

“என்னங்கய்யா இது? நாளப்பின்ன நான் ஒங்க வீட்டுக்கு வந்தா, ஒரு வாய்த் தண்ணிக்குக் காசு வாங்குவீகளா?” என்றாள்.

நண்பரைப் பார்த்துத்தான் அவள் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி வந்து தைத்தது என் நெஞ்சில்.

இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் நாவல் ஒன்றுக்காக இந்த ஊருக்கு நான் முதன்முதலாக வந்தபோது, கல் உடைக்கும் தொழிலாளி ஒருவர் மூன்று நாள் என்னைத் தம் திண்ணையில் தங்க வைத்தார். அவர் மனைவி கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் தந்தாள். மலையில் எந்தப் பாறையில் எந்த எழுத்து இருக்கிறது என்று எனக்குக் காட்டியவரும் அவர்தான். பல வருஷம் கழித்து அவர் கண் சிகிச்சைக்காகத் திருச்சிக்கு வந்தார். என் வீட்டு வாசலில் ஒரு மஞ்சள் பையோடு நின்றார். அன்று வீட்டில் விசேஷம்; பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். நான் அவரைத் திண்ணையில்கூட உட்காரச் சொல்லவில்லை. “லாட்ஜில் சௌகரியமாகத் தங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லி ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்தேன். அவர் மறுக்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து மணியார்டர் வந்தது. ஐந்நூறு ரூபாய். அடிக்கட்டையில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

கிழவியிடம் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தேன்.

“அவுகளா? போயிச் சேந்து மூணு வருசமாச்சே. ஒங்களுக்கு வேணுங்கப்பட்டவுகளா?” என்றாள்.

“ஆமாம். அவர் வீட்டில் தங்கியிருக்கிறேன்” என்று மட்டும் சொன்னேன்.

மழை விட்டது. கிழவி ஆடுகளை ஓட்டிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள். மேலமலைச் சுனையில் செந்நிறமாய்த் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் நண்பருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கணக்குப் பார்க்கிறவரிடம் இந்தக் கணக்கை மறைப்பானேன்? நெடுநேரம் அவர் பேசவில்லை. இத்தாலி பில்லும் அதன் பிறகு வெளியே வரவில்லை. கீரனூர் தாண்டியதும்தான் கேட்டார்:

“அந்த மணியார்டர் அடிக்கட்டையை வைத்திருக்கிறீர்களா?”

“வைத்திருக்கிறேன்” என்றேன்.