ஏட்டில் இல்லாத மருத்துவச்சிகள்

நூற்றாண்டை முன்னிட்டு, இலங்கை மருத்துவத்தின் முன்னோடிப் பெண்களைத் தேடும் வேலையை, வைத்தியர்களான பழைய மாணவிகள் நாங்களே கேட்டு ஏற்றோம்.

கனடாவிலிருந்து 1896இல் வந்த டொக்டர் மேரி இரட்ணம் இலகுவில் கிடைத்தார். யாழ்ப்பாணத் தமிழரை மணந்ததால் மிஷன் அவருக்கு வேலை மறுத்தது. அவரோ கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்து, 1958இல் மக்சேசே விருதும் பெற்றார்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் எங்கள் அம்மாமாரை லயத்துக் காம்பராவில் கையிலேந்திய மருத்துவச்சிகள் அப்படி அகப்படவில்லை. காரணம் உண்டு. தோட்டத்துப் பிறப்பைப் பதிவுக்கு அறிவிப்பது சட்டப்படி துரையின் கடமை. பிள்ளையைக் கண்ணாலும் காணாத துரை ஏட்டில் இருக்கிறார். தொப்புள்கொடி அறுத்தவர் இல்லை.

அம்மாயிமாருக்கு அந்தப் பெயர்கள் தெரியும். சகோதரிகளே, இவ்வருடமே கேட்டு, தோட்டத்தின் பெயரோடு எழுதி அனுப்புங்கள்.