ட்ரில் மாஸ்டர்களுக்கு ஒரு மாஸ்டர்

பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த பி.டி. மாஸ்டர் என்கிற ஆளே நம்மூருக்கு எப்படி வந்தார்? அதற்கு அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்கிற ஊர் வரை போக வேண்டும்.

அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் 1890-ல் கால்பந்து அணியை உருவாக்கியவர் ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக். (நம்ம கால்பந்து இல்லை, கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அது!) அவருடைய அணியில் ஆடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் 1891 டிசம்பரில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். ஸ்டாக் 1892-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் 1932 வரை அங்கேயே தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். ஊரே கொண்டாடியது.

அதே பள்ளியில் படித்த இன்னொருவர் ஹாரி குரோ பக். 1884-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். இவர் 1919-ல் கப்பலேறி வந்து சேர்ந்த இடம் மெட்ராஸ்! அடுத்த வருடமே, 1920-ல், உடற்கல்வி ஆசிரியர்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். முதல் வகுப்பில் மாணவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 5 பேர். அதுதான் பின்னாளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆனது. ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி என்று சொல்கிறார்கள்.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியின் மேனேஜர் இவர்தான். நீளம் தாண்டுதலில் தலிப் சிங், 110 மீட்டர் தடை ஓட்டத்தில் சி.கே. லட்சுமணன் என்று ஒரு சின்ன அணி. பதக்கம்? ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த அணியைத் தேர்ந்தெடுக்க அலைந்த அலைச்சலும் தொடர்ந்து நடந்த வேலைகளும் சேர்ந்துதான் 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாக வழி செய்தன. தோராப்ஜி டாடா தலைவர், பக்கின் ஒய்.எம்.சி.ஏ. சகா நோரன் செயலாளர்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அந்தக் காலப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் ராணுவ ட்ரில்தான். வரிசையில் நின்று லெஃப்ட், ரைட். பக் விளையாட்டுகளைக் கொண்டுவந்தார். கூடவே தண்டால், பஸ்கி போன்ற நம்ம ஊர்ப் பயிற்சிகளையும் ஒதுக்கவில்லை. 1929-ல் தொடங்கிய பத்திரிகைக்கு 'வியாயாம்' என்று பெயர் வைத்தார். விளையாட்டு விதிகளுக்கும் தனியாகப் புத்தகம் போட்டார். மதராஸ் மாகாணத்துப் பள்ளிகளுக்கு இவரிடம் படித்தவர்கள் விசிலோடு போனார்கள். அவர்களிடம் படித்தவர்கள் அடுத்த தலைமுறைக்கு...

ஸ்டாக்குக்கு எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்று இன்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள். பக்குக்கு அப்படி ஒரு பட்டியல் போட முடியாது. அதனால்தானோ என்னவோ மறந்துவிட்டோம். 1943-ல் இறக்கும்வரை கல்லூரி முதல்வர் அவர்தான். ஊர் திரும்பவில்லை.