சென்னை அரசும் அடிப்படை உரிமைகளும்: முதல் வழக்குகள் திருச்சபைக்குக் கற்பிப்பவை

கீழ்பென்னாத்தூர்ப் பகுதியில் ஒரு குடியரசு நாளன்று, கிராம சபைக் கூட்டம் முடிந்த மாலையில், சபையின் வாலிபர் சிலரோடு நம் அரசியலமைப்பைக் குறித்து உரையாடிக்கொண்டிருந்தேன். "அதில் நமக்குரிய பகுதி எது, ஐயா?" என்று ஒருவர் வினவினார். நான் வாய் திறக்குமுன் மற்றொருவர், "இருபத்தைந்தாம் பிரிவு" என்று விடையிறுத்தார். அவ்விடை தவறன்று. மனச்சான்றின் சுதந்திரத்தையும், சமயத்தை அறிக்கையிட்டு, அதன்படி ஒழுகி, அதைப் பரப்பும் உரிமையையும் கூறுவது அப்பிரிவே. ஆயினும் அந்த வினா என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. நமக்கெனத் தனியே ஒரு பகுதியைப் பிரித்துக்கொண்டு, எஞ்சியதைப் பிறருக்கு விட்டுவிடலாகுமோ? வரலாறு இதற்கு என்ன விடை தருகிறது என்பதை ஆராய்வோம்.

1. முதல் மூன்று வழக்குகள்

அரசியலமைப்பு 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் மலபாரும் ஆந்திரப் பகுதிகளும் சென்னை மாநிலத்தில் அடங்கியிருந்தன; நம்முடைய ஊர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பொதுவுடைமைக் கட்சி சென்னை மாநிலத்தில் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. எனவே மூன்றாம் பாகத்திலுள்ள அடிப்படை உரிமைகளை முதன்முதலாக உரைத்துப் பார்த்தவர்கள் அக்கட்சியினரும் அவர்களைச் சார்ந்தோருமே.

மலபாரைச் சேர்ந்த ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பர் முதல் சிறையில் இருந்தவர். 1950ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டத்தின்படி மீண்டும் காவலில் வைக்கப்பட்டபோது, அவர் நேரே உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவருக்காக எம். கே. நம்பியார் வாதாடினார். மே 19 அன்று தீர்ப்பு வந்தது. காவலுக்குரிய காரணங்களை நீதிமன்றத்திலும் வெளியிடலாகாது என்ற பிரிவை ஆறு நீதிபதிகளும் செல்லாதென்றனர். ஆனால் சட்டமன்றம் முறைப்படி இயற்றிய சட்டமாயின், அதன் நடைமுறை நியாயமானதா என நீதிமன்றம் ஆராய வேண்டுவதில்லை என்று பெரும்பான்மையோர் கருதியதால் கோபாலன் தோற்றார். நீதிபதி பசல் அலி இதற்கு உடன்படவில்லை. உரிமைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்றும், ஒருவனுடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்குமுன் அவன் சொல்வதைக் கேட்டல் வேண்டும் என்றும் அவர் தனித்து எழுதினார்.

ஒரு வாரம் கழிந்து, மே 26 அன்று, ரொமேஷ் தாப்பரின் வழக்கில் தீர்ப்பாயிற்று. பம்பாயில் அவர் வெளியிட்ட 'கிராஸ் ரோட்ஸ்' எனும் இதழ் சென்னை மாநிலத்தில் நுழையலாகாது என்று அரசு ஆணையிட்டிருந்தது. அவ்வாணை செல்லாதென்று நீதிமன்றம் அறிவித்தது. மூன்றாவது, சென்னை வழக்கறிஞர் வி. ஜி. ராவ் தொடுத்த வழக்கு. அவர் பொறுப்பு வகித்த மக்கள் கல்விக் கழகத்தைச் சட்ட விரோதமானதென அரசு அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்பதை எவ்வாறு அளவிடுவது என்று அத்தீர்ப்பு வகுத்த முறை பிற்கால வழக்குகளுக்கு அடிப்படையாயிற்று.

பின்னிரு தீர்ப்புகளையும் எழுதியவர், சென்னையில் வழக்கறிஞராயிருந்து உயர்ந்த பதஞ்சலி சாஸ்திரி. கோபாலன் வழக்கில் பெரும்பான்மையோடு நின்றவரும் அவரே. தாப்பர் வழக்கின் விளைவுகளுள் ஒன்றாக, 1951இல் முதலாம் அரசியலமைப்புத் திருத்தம் பேச்சுரிமைக்குப் புதிய வரம்புகளை வகுத்தது. ஆயினும் அவ்வரம்புகள் 'நியாயமானவையாக' இருத்தல் வேண்டும் என்ற சொல்லும் அதனோடு சேர்க்கப்பட்டது.

2. நம் உரிமைக்காகப் பேசியவர்கள்

கடவுள் நம்பிக்கையற்றோரின் இவ்வழக்குகள் தம்முடையவையும் ஆகும் என்று அன்று நம் சபைகளில் எத்தனை பேர் எண்ணியிருப்பர்? மிகச் சிலரே இருந்திருப்பர். ஆனால் நாம் நம்முடையதெனக் கொண்டாடும் இருபத்தைந்தாம் பிரிவின் வரலாறோ வேறு. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் 'பரப்புதல்' என்ற சொல் கடும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. அதை நீக்க வேண்டுமென்றோர் பலர். அதற்காதரவாகப் பேசியவர்களில் கிறிஸ்தவரல்லாத டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் கே. எம். முன்ஷியும் இருந்தனர். கிறிஸ்தவர் மிகச் சிலராயிருந்த அவையில், பிறருடைய நாவினாலும் வாக்கினாலுமே நம் உரிமை நிலைபெற்றது என்பதை மறத்தலாகாது.

3. தோல்வியும் மீட்பும்

நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரல் 28 அன்று, காவலில் உள்ளோர் நீதிமன்றத்தை நாட இயலாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்து நின்றார். அடுத்த சனவரியில் ஸ்தனிஸ்லாஸ் வழக்கு முடிவாயிற்று. பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காதென்று கூறி, மத்தியப் பிரதேச, ஒரிசா சட்டங்களை நீதிமன்றம் ஏற்றது. இரண்டாம் தீர்ப்பைக் குறித்து நாம் வருந்தினோம். முதலாவது தீர்ப்பு நம்மை அதே அளவு வருத்தியதா?

1978இல் மேனகா காந்தி வழக்கில், சட்டத்தின் நடைமுறை நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கூடிய புட்டசாமி வழக்கு 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தள்ளியது. இவ்வாறு, கோபாலனுக்காக பசல் அலி தனித்து எழுதியது பல்லாண்டுகளுக்குப் பின் நாட்டின் சட்டமாயிற்று.

1986 ஆகஸ்டில் வந்த மற்றொரு தீர்ப்பும் கருதத்தக்கது. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதத்தின்போது மரியாதையாய் எழுந்து நின்றும் பாடாமலிருந்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். நீதிபதி சின்னப்ப ரெட்டி பேச்சுரிமையையும் சமய உரிமையையும் ஒருங்கே எடுத்துக் காட்டி, அவர்களை மீண்டும் சேர்க்கும்படி பணித்தார். அப்பிள்ளைகளின் உபதேசம் நம் சபைகள் ஏற்பதன்று. எனினும் அவர்கள் பெற்ற தீர்ப்பு நம் பிள்ளைகளின் மனச்சான்றையும் காக்கிறது.

4. பவுலும் நாமும்

பவுல் தம் ரோமக் குடியுரிமையை எடுத்துரைத்தார், இராயருக்கு அபயமிட்டார். ஆகவே உரிமையைக் கோருதல் விசுவாசத்திற்கு மாறானதன்று. ஆனால் அந்தப் பாதுகாப்பு குடியுரிமை பெற்றோருக்கே உரியது. அடிமைக்கு அது கிட்டவில்லை. நம் அரசியலமைப்பின் 14ஆம், 21ஆம் பிரிவுகளோ குடிமகன் என்றுகூடக் குறியாமல், எந்த மனிதருக்கும் உரியனவாய் நிற்கின்றன.

2023 சனவரி 30 அன்று, நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், தலைமுறைகளாக மறுக்கப்பட்டிருந்த முத்துமாரியம்மன் கோவிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் காவல்துறையின் பாதுகாப்போடு சென்றனர். தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு அன்று அவ்வூரில் உயிர் பெற்றது. 'அது கோவில் காரியம், நமக்கென்ன?' என்று நம்மில் எவரேனும் எண்ணியிருப்பின், 1950இல் நம் முன்னோர் செய்த பிழையையே நாமும் செய்தவராவோம். அதே பிரிவு நம்முடைய கல்லறைத் தோட்டங்களையும் ஆராதனை இருக்கைகளையும் நோக்கிக் கேள்வி கேட்கிறது என்பதையும் ஆயர்கள் மறத்தலாகாது.

அடுத்த வாரம் அவ்வாலிபர்களோடு கூடியபோது 25ஆம் பிரிவை நான் வாசிக்கவில்லை. 21ஆம் பிரிவை வாசித்து, கோபாலனுடைய வழக்கைச் சொன்னேன். "அவர் நம்மவர் அல்லரே, ஐயா" என்றார் வினா எழுப்பிய வாலிபர். "ஆம், அதனாலேயே சொன்னேன்" என்றேன்.