மதீனாவின் கம்பளி விளையாட்டுப் பொருள்கள்

விளையாட்டை வீண்பொழுது என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. மழலை பேசத் தொடங்கியதுமே பிள்ளையின் கையில் ஏட்டைக் கொடுக்க விரைகின்றனர். பிள்ளை அழுதாலோ கைப்பேசியைக் கொடுத்து அடக்குகின்றனர். வீட்டிலுள்ள எளிய பொருளைக் கொண்டு பெரியவர்களே பிள்ளையை விளையாட வைக்கும் வழக்கம், மதீனாவின் முதல் தலைமுறையிலேயே இருந்ததை ஹதீஸ் நூல்கள் நமக்கு அறியத் தருகின்றன.

தாய்மார்களின் கைவேலை

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் ரமளான் நோன்பு கடமையாவதற்கு முன்னர், ஆஷூரா நோன்பை அறிவிக்குமாறு அன்ஸாரிகளின் குடியிருப்புகளுக்கு நபி (ஸல்) அவர்கள் ஆளனுப்பினார்கள். அதன் பின்னர் தாங்கள் பிள்ளைகளையும் அந்நோன்புக்குப் பழக்கியதாக ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பிள்ளைகளுக்கெனக் கம்பளியில் விளையாட்டுப் பொருள்கள் செய்து வைப்பார்களாம். உணவு கேட்டு அழும் பிள்ளைக்கு நோன்பு திறக்கும் நேரம் வரை அவற்றைக் கொடுத்துத் தேற்றுவார்களாம். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி உள்ளது.

சிறுவர்க்கு நோன்பு கடமையன்று, அது பயிற்சியே. அப்பயிற்சியில் பிள்ளை அழும் என்பதை அத்தாய்மார்கள் முன்கூட்டியே உணர்ந்திருந்தனர். அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளவில்லை. கம்பளியை எடுத்துப் பொம்மை செய்தனர். வணக்கத்திற்கு விளையாட்டு அங்கே துணையாக நின்றது.

சிறகு முளைத்த குதிரை

ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே, துணித் துண்டுகளால் ஆன இரு சிறகுகள் கொண்ட குதிரை ஒன்று இருந்ததை அபூதாவூத் பதிவு செய்துள்ளது. நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, இது என்ன, நடுவில் இருப்பது என்ன, அதன் மேல் இருப்பவை என்ன என்று ஒவ்வொன்றாக வினவினார்கள். குதிரைக்குச் சிறகா என்று வியந்தபோது, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை ஆயிஷா (ரலி) நினைவூட்ட, நபி (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

கேட்ட கதை துணியில் உருப்பெற்றது. பெரியவரின் கேள்வியால் அது பேச்சாக மலர்ந்தது. மொழியும் கற்பனையும் வளரும் வழி இதுவே. இத்தகைய அறிவிப்புகளை முன்வைத்தே, உருவங்கள் பற்றிய தடையிலிருந்து சிறுவர் பொம்மைகளுக்குப் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் விலக்களித்தனர்.

ஒரு வாய்த் தண்ணீர்

மஹ்மூத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் ஐந்து வயதுச் சிறுவராக இருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் வாளியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து அவரது முகத்தில் உமிழ்ந்து விளையாடினார்கள். அதை அவர் வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. ஹதீஸைச் செவியேற்கும் தகுதி எந்த வயதில் தொடங்குகிறது என்று ஆராய்ந்த அறிஞர்கள், இந்நிகழ்ச்சியை ஆதாரமாகக் கொண்டு ஐந்து வயதைக் குறிப்பிட்டனர். ஒரு விளையாட்டின் நினைவு ஹதீஸ் கலையின் விதிக்கே சான்றாயிற்று!

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், பாடம் முடிந்தபின் பிள்ளையை விளையாட விடுமாறு இஹ்யா உலூமித்தீனில் அறிவுறுத்துகிறார்கள். ஓயாமல் பாடத்திலேயே வருத்தினால் பிள்ளையின் உள்ளம் மடியும், அறிவு மழுங்கும் என்பது அவர்களின் எச்சரிக்கை.

நம் இல்லங்களில்

நமக்கும் இது எட்டாததன்று. பழைய துணியைச் சுருட்டிக் கட்டினால் பந்து. மூடியுள்ள கிண்ணங்களைத் திறந்து மூடினால் விரல்களுக்குப் பயிற்சி. ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் ஊற்றினால் அளவறிவு. விழுங்கத்தக்க சிறு பொருள்களைத் தவிர்த்து, தண்ணீர் விளையாட்டின்போது பிள்ளையின் அருகிலேயே இருத்தல் வேண்டும். அருகிலிருந்து, இது என்ன என்று கேட்கவும் வேண்டும். அக்கேள்வியைக் கைப்பேசியிடம் ஒப்படைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமாகிறதே என்று வருந்துவதில் பொருளில்லை.

மதீனாவின் தாய்மார்கள் தம் பிள்ளைகளுக்கு அளித்த நேரத்தை நாமும் நம் பிள்ளைகளுக்கு அளிக்க, வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.